திரையில் ஒரு பெயர்ப்பலகை: எழுதிய கை யாருடையது?

"கிராபிக் டிசைன் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய்? கல்யாண அட்டை அடிக்கப் போகிறாயா?"

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தத் துறையில் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகள் பலர் வீட்டில் கேட்கும் கேள்வி இது. கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர், வழக்கறிஞர், இன்ஜினியர் என்றால் அவர்களுக்கு ஒரு வழி தெரிகிறது. டிசைன் என்றால் விளம்பர நிறுவனம், அச்சகம், பேனர் கடை. அதற்கு அப்பாலும் ஒரு பாதை உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அந்தப் பாதை சினிமா படப்பிடிப்பு அரங்கத்திற்குள் போகிறது.

ஒரு படத்தில் கதாநாயகன் டீக்கடையில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறான். அவன் தலைக்கு மேல் கடையின் பெயர்ப்பலகை. பக்கத்துச் சுவரில் கிழிந்த சினிமா போஸ்டர். மேசை மேல் சிகரெட் பெட்டி. கல்லாப்பெட்டி அருகே நாள்காட்டி. அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம். இந்த ஆறும் எங்கிருந்து வந்தன? கதை 1955-ஆம் ஆண்டில் நடக்கிறது என்றால், 1955-ஆம் ஆண்டு நாளிதழை இன்று எந்தக் கடையில் வாங்குவது? ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தேடிப் பார்த்து, வரைந்து, எழுதி, அச்சடித்து, பழசாக்கிக் கொடுத்திருக்கிறார். கலை இயக்குநரின் குழுவில் இருக்கும் கிராபிக் டிசைனரின் வேலை அது.

படம் பார்க்கும் நாம் அவர் பெயரைக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டால் உடனே கவனித்துவிடுகிறோம்!

அச்சுக்கூடத்திலிருந்து வந்த சினிமா

இது நேற்று முளைத்த வேலை அல்ல. இந்திய சினிமாவின் தொடக்கமே எழுத்தும் ஓவியமும் அச்சும் அறிந்த ஒருவரின் கையில்தான் இருந்தது.

1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி பம்பாயில் திரையிடப்பட்ட 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தவர் தாதாசாகேப் பால்கே. அவர் பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். புகைப்படக் கலைஞராக இருந்தார். தொல்பொருள் துறையில் வரைபடப் பணி செய்தார். பிறகு அச்சுத் தொழிலில் இறங்கி, ஓவியர் ரவிவர்மாவின் அச்சகத்திற்கு வேலை செய்து கொடுத்தார். வண்ண அச்சைக் கற்றுக்கொள்ள ஜெர்மனிக்கும் போய் வந்தார். இத்தனைக்கும் பிறகுதான் கேமராவைத் தொட்டார். இன்றைய சொல்லில் சொன்னால், கிராபிக் துறையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்.

அடுத்தவர் சத்யஜித் ராய். 1943-இல் கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் புத்தகங்களுக்கு அட்டை வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. 1955-இல் அதுவே அவருடைய முதல் படமாக வந்தது. பின்னாளில் தம் படங்களுக்கான போஸ்டரையும் தலைப்பு எழுத்தையும் அவரே வரைந்தார்.

புத்தக அட்டை வரைந்த கை உலகப் புகழ்பெற்ற படம் எடுத்தது. அட்டை வரைவது சாதாரண வேலை என்று இனி எந்தப் பெற்றோராவது சொல்ல முடியுமா?

சென்னையில் எழுந்த தாராவி

தமிழ் சினிமாவுக்கு வருவோம். 1948-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பிரம்மாண்டத்துக்குப் பின்னால் இருந்த கலை இயக்குநர் ஏ. கே. சேகர். அது அரண்மனைகளின் காலம். அரங்கம் என்றாலே தூணும் திரைச்சீலையும் சிம்மாசனமும்தான்.

பிறகு கதைகள் தெருவுக்கு வந்தன. அரங்கமும் தெருவுக்கு வந்தது. 1987-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'நாயகன்' படத்தில் நாம் பார்த்த பம்பாய் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். போட்டவர் தோட்டா தரணி. அவருக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்த வேலை அது. சந்துக்குள் சந்து, தகரக் கூரை, துணி காயும் கொடி, சுவரில் எழுத்து என்று எல்லாம் சேர்ந்துதான் 'இது பம்பாய்' என்று நம்மை நம்ப வைத்தன.

தோட்டா தரணிக்கு அடுத்துப் பேசப்படும் பெயர் சாபு சிரில். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்த இவர், 1980களில் சில ஆண்டுகள் சொந்தமாகக் கிராபிக் டிசைன் வேலை செய்தவர். அங்கிருந்துதான் கலை இயக்கத்திற்கு வந்தார். அந்தமான் சிறையைக் காட்டிய 'காலாபானி', சூப்பர் ஸ்டாரின் 'எந்திரன்' உட்பட நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றார். கிராபிக் டிசைனர் எங்கே போக முடியும் என்று கேட்பவர்களுக்கு இவரைக் காட்டினால் போதும்.

2008-இல் வந்த 'சுப்பிரமணியபுரம்' வேறொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. 1980-ஆம் ஆண்டு மதுரையைக் காட்ட வேண்டும். அரண்மனை வேண்டாம், சாதாரணக் கடைத்தெரு போதும். கலை இயக்குநர் ரெம்போன் அந்தத் தெருவை நம்பும்படி அமைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'முரட்டுக்காளை' படத்தைக் கதையின் இளைஞர்கள் கொட்டகையில் பார்க்கிறார்கள். அந்த வயதைக் கடந்தவர்கள் படம் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் அப்படியேதான் இருந்தது" என்றார்கள். பெரிய செலவில் பிரமிக்க வைப்பது ஒரு வகை. பார்ப்பவரின் நினைவைத் தொடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் எழுத்தும் காகிதமும் அதிகம் வேலை செய்கின்றன.

ஜாலான் அம்பாஸ் முதல் உலு கிள்ளான் வரை

சரி, இதெல்லாம் இந்தியாவில். நம் நாட்டில்?

மலாய் சினிமாவின் தொடக்க காலத்தில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் இந்தியர்கள் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சிங்கப்பூரில் 1930களிலேயே 'லைலா மஜ்னுன்' படத்தை எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர் அவர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் ஒரே அரங்கத்தில் வேலை செய்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோ எழுந்தது. 1964-இல் பி. ரம்லி அங்கே வந்தார். 1973-இல் மறையும்வரை தலைநகரிலேயே இருந்தார். 1981-இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் உருவானது. மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த அதே வளாகம் பின்னர் ஃபினாஸின் இடமானது. ஆக, நம் ஊர்ப் பிள்ளைகள் சினிமா அரங்கத்தைத் தேடிக் கோடம்பாக்கத்துக்கோ ஹாலிவுட்டுக்கோ போக வேண்டும் என்பதில்லை. அந்த வரலாறு உலு கிள்ளானிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுப் படங்களும் இங்கே வந்தன. 1999-இல் வெளிவந்த 'அன்னா அண்ட் த கிங்' படத்துக்குத் தாய்லாந்து அனுமதி தரவில்லை. சயாம் அரண்மனை பேராக்கில் எழுப்பப்பட்டது. கலை இயக்கத்திற்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் அந்தப் படம் இடம்பெற்றது. 2013-இல், இங்கே படம் எடுப்போர் செய்யும் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்கத் திட்டத்தை மலேசியா அறிமுகப்படுத்தியது.

தமிழ்ப் படங்களும் பின்தங்கவில்லை. 1960களின் தோட்ட வாழ்க்கையைக் காட்டிய தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நடக்கும் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. சென்னையிலும் மலேசியாவிலும் படமாக்கப்பட்ட 'கபாலி' 2016-இல் நம் தோட்டத் தொழிலாளர் கதையை உலகத் தமிழர்களிடம் கொண்டுபோனது.

மூன்று படங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. மூன்றும் பழைய காலத்தைத் திரும்பிப் பார்க்கின்றன. நம் கதைகளில் பல அப்படித்தான் இருக்கும். லயத்து வாழ்க்கையும் பால்மரமும் போய்விட்ட பிறகு அவற்றைத் திரையில் காட்ட வேண்டுமானால், காகிதத்திலிருந்து பலகைவரை எல்லாவற்றையும் யாராவது மறுபடி செய்தாக வேண்டும்.

கிள்ளான், 1941

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தம் மலாயா இந்தியர் வரலாற்றின் முக்கியமான அத்தியாயம். அதை முன்னின்று நடத்தியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் தலைவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தவர். போர்க்காலத்தில் ரப்பருக்கு நல்ல கிராக்கி. ஆனால் மரம் வெட்டியவனின் கூலி உயரவில்லை.

தொழிலாளர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்கு முறையான கல்வி. நல்ல மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டிய நிலை மாற வேண்டும். கூலியைப் போலவே மானமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தோட்டங்கள் கொந்தளித்தன. படைகள் வந்தன. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இதை ஒருவர் படமாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரைக்கதையைக் கையில் வாங்கிய கிராபிக் டிசைனர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பட்டியல் போடுவார். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும் செக்ரோல் புத்தகம். கள்ளுக்கடைப் பலகை. தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பெயர்ப்பலகை. கோரிக்கை எழுதிய மனு. லயத்து வாசலில் யாரோ உரக்கப் படிக்கும் 'தமிழ் நேசன்'. போலீஸ் அறிவிப்பு. தந்தி. நாடு கடத்தும் உத்தரவு. நாதனை ஏற்றிச் செல்லும் துறைமுகத்தின் பெயர்ப்பலகை. ஒரே படத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் சேரும்.

ஒவ்வொன்றுக்கும் கேள்விகள் உண்டு. செக்ரோலில் என்னென்ன கட்டங்கள் இருந்தன? மனு தட்டச்சில் அடித்ததா, கையால் எழுதியதா? துறைமுகத்தின் பெயர் போர்ட் கிள்ளானா? இல்லை. 1972-இல்தான் அந்தப் பெயர் வந்தது. 1941-இல் அது போர்ட் சுவெட்டன்ஹாம். இந்த ஒரு பலகையில் தவறினால், வரலாறு தெரிந்தவர் அந்த இடத்திலேயே படத்தை நம்புவதை நிறுத்திவிடுவார். தெரியாதவரின் நிலை இன்னும் மோசம். அவர் தவறையே வரலாறு என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பழைய 'லை', புதிய 'லை'

தமிழ் எழுத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. தொழிலாளர் கையில் 'வேலைநிறுத்தம்' என்று எழுதிய அட்டை ஒன்றைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் தட்டி, அச்சடித்து, கொடுத்துவிடலாமா?

கூடாது. அந்தச் சொல்லில் 'லை' இருக்கிறது. அந்தக் காலத்து 'லை'க்கு இன்றுள்ளதுபோல் தனிக்கொம்பு கிடையாது. எழுத்தின்மேல் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு நிற்கும். ணை, ளை, னை ஆகியவையும் அப்படியே. ணா, றா, னா போன்றவற்றுக்கும் வேறு வடிவம். பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். ஆனால் தமிழக அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது 1978-இல். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. ஆகவே 1941-ஆம் ஆண்டின் சாதாரணக் கடைப் பலகைக்கும் நாளேட்டுக்கும் பழைய எழுத்துதான் பொருந்தும். அதே காலத்தில் ஒரு சுயமரியாதைக்காரர் வீட்டு மேசையில் 'குடி அரசு' கிடந்தால் அதில் புதிய எழுத்து இருக்கும்! ஒரே அறையில் இரண்டு வகைத் தமிழ். இதை அறிந்து செய்யும் டிசைனர் வசனமே இல்லாமல் ஒரு கதாபாத்திரத்தின் கொள்கையைச் சொல்லிவிடுகிறார்.

தமிழ் தெரியாத டிசைனரிடம் இந்த வேலை போனால் என்ன ஆகும்? பொது இடங்களில் சில தமிழ் அறிவிப்புகளைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி காணாமல் போயிருக்கும், துணைக்கால் தனியே தவிக்கும். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டுவதால் வருகிற விபத்து அது. இப்போது வந்துள்ள செயற்கை நுண்ணறிவுப் பட மென்பொருள்களும் தமிழ் எழுத்தைப் பல நேரங்களில் சிதைத்தே தருகின்றன. தமிழ் படித்த கண் ஒன்று அங்கே இருந்தே ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரில் தமிழை நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 1980களில் தொடங்கி 'முரசு' மென்பொருளையும் பல தமிழ் எழுத்துருக்களையும் உருவாக்கிய முத்து நெடுமாறன்தான் அவர். எழுத்தை வடிவமைப்பது மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல என்பதற்கு அவரே சாட்சி.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்சி

காலத்தைச் சற்று முன்னே நகர்த்துவோம். கதை 1969-இல் பிரிக்பீல்ட்ஸில் நடக்கிறது. ஒரு டாக்சி வந்து நிற்கிறது. அதன் எண் பலகையில் முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால்? தவறு. கோலாலம்பூர் 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதிதான் கூட்டரசுப் பிரதேசமானது. அதற்கு முன் அது சிலாங்கூரின் பகுதி. எண் பலகையில் 'பி' இருக்க வேண்டும்.

டாக்சி நிற்கும் சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன் என்று பலகை சொன்னால் அதுவும் தவறு. அப்போது அது பிரிக்பீல்ட்ஸ் ரோடு. துன் சம்பந்தன் மறைந்ததே 1979-இல். கடையில் விலை அட்டையில் 'ஆர்.எம்.' என்று போட்டிருந்தால் அது 1993-க்குப் பிந்திய வழக்கம். மலாய்ப் பலகையில் இன்று 'சி' என்ற ஒற்றை எழுத்து வரும் இடத்தில் அன்று 'சி, எச்' என இரண்டு எழுத்து வரும். ஏனெனில் மலாய் எழுத்துக்கூட்டல் மாறியது 1972 ஆகஸ்டில்.

இன்றைய பிரிக்பீல்ட்ஸ் வேறு. 2001-இல் கே.எல். சென்ட்ரல் வந்தது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் 'லிட்டில் இந்தியா' திறக்கப்பட்டது. ரயில்வே ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழைய குடியிருப்பு வரிசைகளில் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. அவற்றோடு வாசல் எண்களும் கதவுப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் போயின. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழே 2019-இல் நின்றுபோனது. எது எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். நம் தெருவின் எழுத்தை மறுபடி எழுதத் தெரிந்தவர்கள் உருவாகாவிட்டால், நாளை நம் கதையைப் படமாக்குபவர் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்.

ஓர் எழுத்து கூடியதால் வந்த வேலை

உலக அளவில் இந்தத் தொழிலுக்கு முகம் தந்தவர்களில் ஒருவர் அயர்லாந்தில் பணிபுரியும் ஆனி அட்கின்ஸ். விளம்பர நிறுவனத்தில் வேலை செய்தவர், பிறகு டப்ளினில் திரைப்படத் துறையில் முதுகலை படித்தார். வெஸ் ஆண்டர்சனின் 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) படத்தில், இல்லாத ஒரு நாட்டுக்கு நாளிதழ், தபால்தலை, பணத்தாள் எல்லாம் செய்து கொடுத்தார். அந்தப் படம் தயாரிப்பு வடிவமைப்புக்கான ஆஸ்கார் விருதை வென்றது. அதில் வரும் இளஞ்சிவப்புக் கேக் பெட்டியில் ஒரு சொல்லில் 'டி' எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. பல காட்சிகள் எடுத்த பிறகே தெரிந்தது. பின்னர் கம்ப்யூட்டரில் காட்சி காட்சியாகத் திருத்த வேண்டியதாயிற்று. பெரிய படத்திலும் இப்படி நடக்கும். எழுத்துப் பிழை பார்ப்பதும் இந்தத் தொழிலின் பாதி.

ஹாரி பாட்டர் படங்களில் வரும் நாளிதழையும் மந்திர வரைபடத்தையும் செய்தவர்கள் மிராஃபோரா மினா, எடுவார்டோ லிமா என்ற இருவர். படங்கள் முடிந்தன. அவர்கள் செய்த காகிதங்களுக்கு இருந்த மதிப்பு முடியவில்லை. 2016-இல் லண்டனில் தங்கள் பெயரிலேயே காட்சிக்கூடம் திறந்தார்கள்.

வேலை நடக்கும் விதம்

அரங்கத்தில் இந்த வேலைக்குத் தனி ஒழுங்கு உண்டு. ஒரு காட்சியில் கடிதத்தைக் கிழிக்க வேண்டும் என்றால் ஒரு கடிதம் போதாது. எத்தனை முறை அந்தக் காட்சியை எடுப்பார்களோ அத்தனை பிரதி வேண்டும். எல்லாப் பிரதியிலும் மடிப்பும் மைக்கறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் விளக்கொளியில் கண்ணைக் கூசும் என்பதால் சற்றே மங்கிய தாள் தேடுவார்கள். புதுத் தாளைப் பழசாக்கத் தேயிலைச் சாயத்தில் நனைத்து உலர்த்துவார்கள். கேமரா நெருங்கிக் காட்டும் பொருள் ஒரு தரம், தூரத்தில் மங்கலாகத் தெரியும் பொருள் இன்னொரு தரம். நேரத்தை எதில் செலவிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். உண்மையான நிறுவனப் பெயர், தொலைபேசி எண், வணிகச் சின்னம் ஆகியவற்றை அனுமதியின்றிப் போட்டால் வழக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேல், படப்பிடிப்பு நாள் தள்ளிப் போகாது. பலகை காலையில் அரங்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பட்டம் வாங்கியவர்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, கைவேலைத் தொகுப்பு. அடையாளச் சின்னமும் விளம்பரமும் மட்டும் வைத்திருப்பவரைக் கலை இயக்குநர் கவனிக்க மாட்டார். ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பத்துப் பொருள்கள் செய்ய வேண்டும். மேலே சொன்ன கிள்ளான் கதையே போதும். செக்ரோல், மனு, நாளிதழின் முதல் பக்கம், தந்தி, கள்ளுக்கடைப் பலகை ஆகியவற்றை உண்மைத் தாளில் செய்து, கையில் எடுத்துப் பார்க்கும்படி கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, ஆவணம் தேடும் பழக்கம். 1957-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இலிருந்து இயங்கிவருகிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படம் தேடுவது மட்டும் ஆராய்ச்சி ஆகாது.

மூன்றாவது, கையெழுத்து. தூரிகையால் பலகை எழுதத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார வேண்டும். நேர்த்தியான கம்ப்யூட்டர் எழுத்து கேமராவில் பொய்யாகத் தெரியும். கை நடுக்கமும் சாயம் வழிந்த தடமும்தான் பலகையை உண்மையாக்கும்.

நான்காவது, சிறியதில் தொடங்குவது. மாணவர் குறும்படம், தொலைக்காட்சி நாடகம், மேடை நாடகம் எதுவானாலும் சரி. கலைக் குழுவில் உதவியாளராக ஆணி அடிப்பதிலிருந்து தொடங்கலாம். ஃபினாஸ் பயிற்சிகளும், கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக் கழகமும் திரைத்துறை மனிதர்களைச் சந்திக்க உதவும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. இது மாதச் சம்பள வேலை அல்ல. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம்வரை காத்திருக்க வேண்டும். இ.பி.எஃப்., சொக்சோ எல்லாம் தானாக வராது. தாமே கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளூர்த் தமிழ்ப் படங்களின் செலவு சிறியது. பல படங்களில் கிராபிக் டிசைனருக்குத் தனி இடமே இருக்காது, கலை இயக்குநரே எல்லாவற்றையும் பார்ப்பார். எனவே அச்சு வேலை, புத்தக அட்டை, அருங்காட்சியகக் கண்காட்சி வேலை ஆகியவற்றையும் சேர்த்துச் செய்பவரே தாக்குப்பிடிப்பார். மலாய், சீன, ஆங்கிலப் படங்களுக்கும் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். நாலு மொழிப் பலகை உள்ள நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது பலவீனம் அல்ல, பலம்.

வீட்டு அலமாரியில் தொடங்குங்கள்

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு இரும்பு அலமாரியில், சேலை மடிப்புக்கு அடியில், ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கலாம். அதற்குள் தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, ரஜுலா கப்பல் பயணச்சீட்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பாட்டி பழைய 'லை' போட்டு எழுதிய கடிதம் என ஏதாவது ஒன்று கிடைக்கலாம். 1926 முதல் 1973 வரை ஓடிய அந்த ரஜுலாவில்தான் நம்மில் பலரின் முன்னோர் வந்தார்கள்.

அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டிசைன் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, அது என்ன, யார் கையெழுத்து, எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் சாமான் வாங்கப் போகும்போது, பழைய கடைப் பலகைகளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒருநாள் நம் கதை பெரிய திரையில் வரும். தோட்டத்துப் பள்ளியின் பலகை ஒரு நொடி தெரியும், மறையும். அந்த ஒரு நொடியில் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர், "நான் படித்த பள்ளிக்கூடம் இப்படித்தான் இருந்தது" என்று பக்கத்தில் இருக்கும் பேரனிடம் சொல்ல வேண்டும். அந்தப் பலகையை எழுதிய கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கட்டுமே!